மூடிய குழாய்த் தீர்மானம்

நீர் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிப் பாயும் இயல்புடையது என்று பள்ளிக்கூடங்களில் கற்பிக்கப்படுகிறது. அவ்வாறு கற்பிப்போர் குடிநீர்த் திட்டமிடல் குழுவில் ஒரு நாளேனும் அமர்ந்தவர்கள் அல்லர்.

படிக்கட்டுத் தெருவில் குடியிருந்த தையல்காரரும் தமது ஐம்பத்து மூன்றாம் வயது வரை அந்தப் பள்ளிக்கூடக் கருத்தையே நம்பியிருந்தார். அத்தெருவில் நாற்பத்தொரு வீடுகள் இருந்தன. சாலையிலிருந்து அவருடைய வாசலுக்கு எண்பத்து நான்கு படிகள். படிகளின் அடியில், சாலையோரத்தில், ஒரு பொதுக்குழாய். அதில் காலை பத்து மணி முதல் பதினொன்றரை வரை தண்ணீர் வரும். ஓர் ஆளுக்கு இரண்டு குடம் என்பது குழாயடிச் சட்டம். அது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாமையால் அனைவராலும் கடைப்பிடிக்கப்பட்டது.

தையல்காரரின் மனைவிக்கு அண்மையில்தான் கர்ப்பப்பையை அகற்றியிருந்தார்கள். "ஆறு மாசத்துக்கு ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது. தூக்கினா உள்ள போட்ட தையல் பிரிஞ்சிடும்" என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். பிரிந்த தையலைப் பற்றித் தையல்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே மகள் திருமணமாகி வெளியூரில் இருந்தாள். ஆகவே நாள்தோறும் பத்து மணிக்கு அவர் இயந்திரத்தின் மீது துணியைப் போர்த்திவிட்டுக் குடங்களை எடுத்துக்கொண்டு படியிறங்குவார்.

இவ்வாறிருக்கையில் அவருக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. குடிநீர்த் திட்டமிடல் குழுவின் விதிகளின்படி, திட்டப் பகுதியில் வாழும் "செல்வாக்கு ஏதுமற்ற சாமானியர் ஒருவர்" அதில் உறுப்பினராக இருத்தல் வேண்டும். அவ்வாறு ஒருவர் இல்லாமையால் குழு இரண்டாண்டுகளாகக் கூடவில்லை. தையல்காரர் தெரிவு செய்யப்பட்டிருப்பதாகவும், தமக்குச் செல்வாக்கு இல்லை என்பதற்குச் செல்வாக்குள்ள ஒருவரிடம் சான்றிதழ் பெற்று வர வேண்டும் என்றும் கடிதம் கூறியது.

அவர் நகர்மன்ற உறுப்பினரின் வீட்டுக்குச் சென்றார்.

"செல்வாக்கு இல்லைன்னு சான்றிதழா? டைலருக்கா? கொண்டாய்யா, ரெண்டு கையெழுத்தாப் போடறேன்" என்றார் மன்ற உறுப்பினர். பேனாவைத் திறந்தவர் சற்றுத் தயங்கினார். "விசாரிக்காமப் போட்டேன்னு பேர் வரக் கூடாது. உனக்குப் பெரிய மனுஷங்க யாரையாவது தெரியுமா?"

"உங்களைத் தெரியுங்க."

"என்னை எல்லாருக்கும் தெரியும். எனக்கு உன்னைத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப சரி" என்று கையொப்பமிட்டார்.

கூட்டம் காலை பத்து மணிக்கு என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

"பத்துக்கா?" என்றார் மனைவி.

"ஒரு நாள்தானே. அரைக் குடம் இருக்கு, சமாளிச்சுக்கோ. நம்ம தெருவுக்குத் தண்ணி வரப் போகுது."

"வரட்டும், வரட்டும். நீங்க சட்டையை மாத்துங்க. ஊருக்கெல்லாம் தைக்கிற கைக்கு உங்க காலர் மட்டும் கண்ணுக்குத் தெரியறதில்ல."

கூட்ட அறையின் நீள மேசை மீது பச்சைத் துணி விரிக்கப்பட்டிருந்தது. அதன் ஓர மடிப்பு இரண்டு இடங்களில் பிரிந்திருந்தது. அந்த அறையில் தையல்காரருக்குத் தெளிவாக விளங்கியது அது ஒன்றே. ஒவ்வோர் உறுப்பினர் முன்னும் ஒரு பெயர்ப் பலகையும் மூடி திறக்கப்படாத ஒரு தண்ணீர் பாட்டிலும் வைக்கப்பட்டிருந்தன. மற்றவர்களின் பலகைகளில் பட்டங்களும் பதவிகளும் இருந்தன. அவருடைய பலகையில் "சாமானியர்" என்று மட்டும் எழுதியிருந்தது.

குழுத் தலைவர் எழுந்தார். "தேவை எங்க இருக்கோ அங்க தண்ணி கொண்டு போறதுங்கறது பழைய காலத்து முறை. அதுல திட்டமிடல் எங்க இருக்கு? யாருக்குத் தாகம்னு பாத்து ஊத்தறதுக்கு ஒரு சொம்பு போதும், குழு எதுக்கு? நாங்க முதல்ல குழாயை முடிவு பண்ணுவோம். தேவை தானா வந்து சேரும்" என்றார். அனைவரும் கைதட்டினர். தேவையின் சார்பில் வந்திருந்த தையல்காரரும் தட்டினார்.

பின்னர் பொறியாளர் வரைபடத்தை விரித்தார். அவர் கொண்டையில் பென்சில் செருகிய இளம்பெண். இன்னும் எதையும் கட்டி முடிக்காதவர். ஆதலால் நம்பிக்கையோடு பேசினார். பள்ளத்தில் ஏரி. அங்கிருந்து படிக்கட்டுத் தெரு வழியாக நேராக மேலேறும் ஒரு பென்சில் கோடு. உச்சியில் மேட்டுக் குடியிருப்பும் புதிய தொட்டியும். கோட்டின் மீது பத்து வீட்டுக்கு ஒன்றாக நான்கு சிறு வட்டங்கள்.

"டைலர் சார், உங்க வீடு எதுன்னு காட்டுங்க."

அவர் விரலை வைத்தார்.

"அட, அங்கதான் நாலாவது குழாயே வருது. உங்க வாசல்லேர்ந்து சரியா ஆறடி."

ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். ஒரு சாளரத் திரையின் நீளம். அதை அவர் வீடு வரும் வரை மனத்துக்குள் மீண்டும் மீண்டும் அளந்தார்.

வீட்டில் குடம் நிறைந்திருந்தது.

"யாரு கொண்டு வந்தது?"

"பதறாதீங்க. கொண்டு வந்தது ஒரு குடம். வழியில சிந்தினது போக முக்காக் குடம். முக்காக் குடத்தைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலையே."

அவர் கோபத்தை வெளிக்காட்ட இயலாமல், பையிலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினார். "இந்தா. கமிட்டித் தண்ணி."

"ஓ, திட்டம் ஆரம்பிச்சாச்சா?" என்று சிரித்த மனைவி, சிரிப்பும் தையலை இழுத்ததால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான்காவது குழாயைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "ஆறடியா? அப்ப வாசல்ல உக்காந்துக்கிட்டே பிடிச்சுக்கலாமே!"

இரண்டாம் கூட்டத்தில் புள்ளிவிவரம் வாசிக்கப்பட்டது. படிக்கட்டுத் தெரு: வீடுகளின் எண்ணிக்கை, பூஜ்யம்.

"பழைய கணக்கு சார்" என்று பொறியாளர் விளக்கினார். "குடிநீர் இணைப்பு இருந்தாத்தான் வீடுன்னு எடுத்திருக்காங்க. அந்தத் தெருவுல இணைப்பு இல்ல. அதனால வீடும் இல்ல. வீடு இல்லாத எடத்துக்கு இணைப்பு கொடுக்க விதியில்ல."

"நான் அங்கதாங்க குடியிருக்கேன்" என்றார் தையல்காரர்.

"நீங்க இல்லைன்னு யாரும் சொல்லல டைலர்" என்று தலைவர் கனிவுடன் கூறினார். "பதிவுல இல்லைன்னுதான் சொல்றோம். மனசுல வச்சுக்காதீங்க."

ஐயத்தைப் போக்கும் பொருட்டுத் தெருவை அளந்து தரும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. தமது நாடாவைக் கொண்டு மூன்று மாலைப் பொழுதுகள் முழங்காலிட்டு நாற்பத்தொரு வீடுகளின் முகப்பையும் அளந்தார். கணக்கை அங்குலத்தில் எழுதிக் கொடுத்தார். "அளவுகள் சட்டைக்குரிய அலகில் உள்ளன" என்ற குறிப்புடன் அது திரும்பி வந்தது. மீட்டரில் எழுதிக் கொடுத்தார். மேட்டில் சாய்வாக அளந்தது செல்லாது என்று மறுபடியும் திரும்பியது. தெருவைச் சமதரையாகக் கற்பனை செய்து எழுதிக் கொடுத்தபோது குழு மகிழ்ந்து ஏற்றுக்கொண்டது. படிக்கட்டுத் தெருவில் "வீடுகள் எனக் கருதத்தக்க நாற்பத்தொரு கட்டுமானங்கள்" உள்ளன என்று பதிவாயிற்று.

இதற்கிடையில் அவர் ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைத்தார். "கூட்டத்தைப் பன்னண்டு மணிக்கு வச்சுக்கலாங்களா? பத்து மணி எங்க தெருவுல தண்ணி நேரம்."

தலைவர் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா, இதுக்குத்தான் சாமானியர் வேணும்கறது. நமக்கு இது தோணியிருக்குமா?" என்று கூறிக் கூட்ட நேரத்தை ஆராய ஒரு துணைக்குழுவை அமைத்தார். துணைக்குழுவில் தையல்காரரையும் சேர்த்தார். அது வியாழன்தோறும் காலை பத்து மணிக்குக் கூடியது.

கூட்ட நாட்களில் எதிர்வீட்டுப் பால்காரம்மா தமது முறையில் ஒரு குடத்தைத் தையல்காரர் வீட்டுக்குக் கொடுத்துவந்தார். இரண்டு வாரம் கழித்து அதுவும் நின்றது.

"எனக்கென்ன வருத்தம் அண்ணே" என்றார் பால்காரம்மா. "ஊருக்கே தண்ணி கொண்டு வர்ற பெரிய எடத்துல உக்காந்திருக்கீங்க. உங்க வீட்டுக்கு நான் ஒரு குடம் கொடுத்தா எனக்கே கூச்சமா இருக்கு. மேசை மேல பாட்டில் பாட்டிலா வைக்கிறாங்களாமே?"

பாட்டில் வைத்தது உண்மை.

மூன்றாம் கூட்டத்துக்கு மேட்டுக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வந்திருந்தார். எந்நேரமும் தாழ்ந்த குரலில் பேசுபவர். ஆதலால் அனைவரும் குனிந்து கேட்டனர்.

"நாங்க யாரையும் குறைவா நினைக்கிறவங்க இல்ல. எங்க வீட்டு வேலைக்கு வர்றவங்க பூரா அந்தத் தெருதான். ஆனா பாருங்க, அந்தத் தெருவுல நாலு எடத்துல தெறந்து, பிடிச்சு, மூடினதுக்கப்புறம் மிச்சமா ஏறி வர்ற தண்ணிய எங்க பெரியவங்க வாயில வைக்க மாட்டாங்க. இது சுகாதாரப் பிரச்னை."

"தண்ணி கீழேருந்து மேலதான் சார் போகும்" என்றார் பொறியாளர். "குழாயில பிடிக்கிறதால உள்ள எதுவும் கலக்காது."

"அறிவியல் எனக்கும் தெரியும்மா. நான் பேசறது சுகாதாரம்."

குழுவிலும் இடம்பெற்றிருந்த மன்ற உறுப்பினர் விரல்விட்டு எண்ணினார். "மேட்டுல ஆயிரத்து இருநூறு ஓட்டு. படிக்கட்டுத் தெருவுல எவ்வளவு?"

"நாற்பத்தொரு கட்டுமானம்" என்று எழுத்தர் வாசித்தார்.

"கட்டுமானம் ஓட்டுப் போடாதேய்யா."

வேறு தெரு வழியாகக் குழாயைக் கொண்டுசெல்ல முடியுமா என்று தலைவர் வினவினார். வேறு வழியில்லை, மற்ற பக்கமெல்லாம் பாறை என்று பொறியாளர் கூறினார். தலைவர் கண்களை மூடிச் சிந்தித்தார். அவர் உறங்கிவிட்டதாக எண்ணிச் சிலர் பிஸ்கட்டை நோக்கிக் கை நீட்டிய வேளையில் கண்களைத் திறந்தார்.

"குழாய் அந்தத் தெரு வழியாவே போகட்டும். ஆனா வழியில ஒரு தெறப்பும் வேண்டாம். முழுக்க மூடிடுவோம். மூடின குழாயில போற தண்ணிக்கு எந்தத் தெரு வழியாப் போறோம்னு தெரியாது. தண்ணிக்கே தெரியாத ஒண்ணை மனுஷங்க நாம ஏன் கிளறணும்?"

"தண்ணிக்குத் தெரியாதுன்னா எங்களுக்கும் ஆட்சேபணை இல்ல" என்றார் செயலாளர். இரு தரப்புக்கும் மனவருத்தமின்றி ஒரு சமூகச் சிக்கல் தீர்க்கப்பட்டதாக மன்ற உறுப்பினர் பாராட்டிப் பேசினார்.

தையல்காரர் எழுந்து நின்றார். எழுந்த பிறகே தாம் எழுந்திருப்பதை உணர்ந்தார். "ஐயா, அப்ப எங்க தெருவுக்கு?"

"உங்க தெருவுக்குத்தானே குழாயே வருது! எத்தனை தெருவுக்கு அதுகூட இல்ல தெரியுமா?"

"தண்ணிங்கய்யா..."

"அது ரெண்டாம் கட்டம். முதல்ல மேல தொட்டி நிரம்பட்டும். அப்புறம் இறக்கம்தானே, தண்ணி தானா உங்ககிட்ட இறங்கி வரும். அதோட இயல்பே அதுதானே டைலர்? பள்ளிக்கூடத்துல படிக்கலையா?"

படித்திருந்தார். ஆகவே அமர்ந்தார்.

பொறியாளர் யாரையும் நோக்காமல் வரைபடத்திலிருந்த நான்கு வட்டங்களையும் ரப்பரால் அழித்து, துகள்களை ஊதினார். ஒரு துகள் வந்து தையல்காரரின் சட்டைக் கையில் ஒட்டியது. அது நான்காவது குழாயாக இருக்கலாம். வழக்கம்போல வருகைப் பதிவேடு சுற்றி வந்தது. வந்திருந்த காரணத்தால் அவர் கையொப்பமிட்டார். வருகைப் பதிவேட்டின் தலைப்பில் "தீர்மானத்துக்கு உடன்பட்டோர்" என்று எழுதி, எழுத்தர் அதைக் கோப்பில் சேர்த்தார். தனித்தாள் வீணாவதைத் தவிர்க்கும் பொருட்டு அவ்வலுவலகம் மேற்கொண்டிருந்த சிக்கன முறை அது.

அவர் தெருவை அடைந்தபோது நாற்பதாவது படியில் மனைவி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குடம் நிறைந்திருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. புடவைதான் நனைந்திருந்தது. நனைத்தது தண்ணீர் அல்ல.

"முதல்ல குடத்தை மேல வச்சுட்டு வாங்க" என்றார் மனைவி. "யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க."

மருத்துவர் கடிந்துகொண்டார். "இனிமே ஆறு மாசக் கணக்கெல்லாம் இல்ல. ஆயுசுக்கும் இந்தம்மா எதையும் தூக்கக் கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா என்கிட்ட கொண்டு வந்து பிரயோஜனமில்ல. ஆமா, நீங்கதானே தண்ணிக் கமிட்டியில இருக்கறதா சொன்னாங்க? அப்புறம் எதுக்கு இவங்க தூக்கணும்?"

தையல்காரர் மறுநாளே பதவி விலகல் கடிதத்தை எழுதித் தலைவரிடம் கொடுத்தார்.

"தாராளமாப் போகலாம்" என்றார் தலைவர். "ஆனா இதைக் கூட்டத்துல வச்சுத்தான் ஏத்துக்கணும். ராஜினாமா பண்ணின சாமானியரை வச்சுக் கூட்டம் நடத்தக் கூடாது. சாமானியர் இல்லாமலும் நடத்தக் கூடாது. அதனால நீங்க பேசாம வந்துக்கிட்டே இருங்க. ஒரு வழி பண்ணுவோம்."

அவர் வந்துகொண்டே இருந்தார். கூட்ட நாட்களில் அலுவலக உதவியாளரான முதியவர் ஒருவர், உறுப்பினர்கள் குடித்து வைத்த மிச்சத்தையெல்லாம் ஐந்தாறு பாட்டில்களில் சேர்த்து அவர் பையில் வைப்பார். "எச்சில்னு நினைக்காதீங்க, எல்லாம் படிச்சவங்க" என்பார். குழு படிக்கட்டுத் தெருவுக்குத் தவறாமல் வழங்கிய நீர் அது ஒன்றே.

பதினோராம் மாதம் குழாய் பதிக்கப்பட்டது. படிகளை உடைத்து, இடுப்பளவு தடிமனான குழாயை இறக்கி, மேலே மீண்டும் படிகளைக் கட்டினார்கள். புதிய படிகள் எண்பத்தொன்பது. மேட்டில் தொட்டி திறக்கப்பட்ட நாள் முதல் தையல்காரரின் வாசற்படிக்கு அடியில் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கத் தொடங்கியது. மனைவி அவ்விடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "சில்லுனு இருக்குங்க" என்பார்.

பின்னர் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி பத்தாகச் சற்று முன்னர், குழாயின் ஒரு மூட்டு விட்டுப்போயிற்று. வாசலிலிருந்து நாடா வைத்து அளக்காமலே தையல்காரருக்குத் தெரிந்தது. சரியாக ஆறடி. படியின் இடுக்கிலிருந்து தண்ணீர் முழங்கால் உயரத்துக்குப் பீறிட்டது.

தெருவே ஓடி வந்தது. அன்று குழாயடிச் சட்டம் யாருக்கும் நினைவில்லை. பால்காரம்மா பால் கேன்களையெல்லாம் நிரப்பினார். "அண்ணே, இது உங்க வேலைதானே? சொல்லவேயில்லையே!" என்று கத்தினார். மனைவி ஒரு முக்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். சொம்பினால் மொண்டு மொண்டு பக்கத்திலிருந்த குடத்தில் ஊற்றினார். எழவேயில்லை, எதையும் தூக்கவேயில்லை. "பாத்தீங்களா, உக்காந்துக்கிட்டேன்னு சொன்னேனில்ல?" என்று கணவரைப் பார்த்துச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் சிரித்தார்.

மேட்டில் அழுத்தம் குறைந்த செய்தி செயலாளரின் தாழ்ந்த குரலில் தொலைபேசி வழியே சென்றது. படிக்கட்டுத் தெருவின் எந்த மனுவுக்கும் வராத வண்டி, நாற்பது நிமிடத்தில் வந்து நின்றது. பொறியாளரும் இறங்கினார். ஆட்கள் வேலையைத் தொடங்குமுன் அவர் தையல்காரரிடம் ஒரு படிவத்தை நீட்டினார்.

"கமிட்டி உறுப்பினர் கையெழுத்து வேணும் சார்."

படிவத்தின் தலைப்பில் "நீர் வழங்கல் பதிவு" என்று இருந்தது. இடம்: படிக்கட்டுத் தெரு. பயன்பெற்ற வீடுகள்: 41.

"இது ஒழுகினதுதானேம்மா?"

"கசிவுப் படிவம் இன்னும் அச்சடிக்கலை. புதுக் குழாய் அஞ்சு வருஷத்துக்கு ஒழுகாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. தண்ணி வெளிய வந்தா எழுதறதுக்கு இந்த ஒரு படிவம்தான். எழுதினாத்தான் ஆளுங்க மூடுவாங்க."

"மூடலைன்னா?"

பொறியாளர் முக்காலியைப் பார்த்தார். கொண்டையிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இன்னும் அஞ்சு நிமிஷம் ஆளுங்களை டீ குடிக்கச் சொல்றேன் சார். அதுக்கு மேல என்னால முடியாது."

ஐந்து நிமிடம் கழித்துத் தையல்காரர் கையொப்பமிட்டார். குழாய் மூடப்பட்டது.

ஆண்டறிக்கைக் கூட்டம் அடுத்த மாதம், பத்து மணிக்கு நடந்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்து அணிந்து வாசித்தார். "ரெண்டாம் கட்டத்துல வர வேண்டிய படிக்கட்டுத் தெருவுக்கு, முதல் கட்டத்துலயே, திட்டச் செலவு ஏதுமில்லாம, வீட்டு வாசல்லயே தண்ணி வழங்கியிருக்கோம். நாற்பத்தொரு வீடு. நம்ம சாமானியரே கையெழுத்துப் போட்டிருக்கார். அதனால அந்தத் தெருவை வழங்கப்பட்ட பகுதியா அறிவிச்சு, ரெண்டாம் கட்டத்துலேர்ந்து எடுத்துடறோம். சாலையோரப் பொதுக்குழாய், வழங்கப்படாத பகுதிக்கான தற்காலிக ஏற்பாடு. அதையும் எடுத்துடறோம். தேவைப்படறவங்க பஸ் நிலையத்துக் குழாய்க்குப் போகலாம்."

"ஐயா, அன்னிக்குத் தண்ணி வந்ததே ஒரு மணி நேரம்தான்..." என்று தையல்காரர் தொடங்கினார்.

"முதல் நாளே எவ்வளவு நேரம் எதிர்பாக்கறீங்க டைலர்?" என்றார் தலைவர். கைதட்டல் எழுந்தது. தேவை நிறைவேறிவிட்டமையால் சாமானியரின் பதவி விலகலும் அன்றே ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றியின் அடையாளமாக "சாமானியர்" என்ற பலகையை வண்ணத்தாளில் சுற்றி அவருக்கு வழங்கினார்கள். கூட்ட நேரத்தை மாற்றலாம் என்னும் துணைக்குழுவின் பரிந்துரையும் ஒருமனதாக நிறைவேறியது.

அவர் திரும்பியபோது சாலையோரத்தில் இருவர் பொதுக்குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தனர். நீண்ட நாள் துருவினால் மரை இறுகியிருந்தது. ஒருவர் அவரை அழைத்து, "கொஞ்சம் இதைப் பிடிச்சுக்கங்க அண்ணே" என்றார். அவர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிடித்தார். குழாய் கையோடு வந்தது.

எண்பத்தொன்பது படிகளையும் ஏறி வீட்டை அடைந்தார். மனைவி வாசலில் அதே முக்காலியில் உட்கார்ந்து காலைத் தரையில் ஊன்றியிருந்தார்.

"கையெல்லாம் என்ன துரு? அது என்ன பொட்டலம்?"

"பரிசு கொடுத்தாங்க. இனிமே என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டாங்க."

"அப்பாடா!" என்று மனைவி பெருமூச்சு விட்டார். "இப்பத்தான் எனக்கு உயிரே வந்துது. இனிமே பத்து மணிக்கு நீங்களே இறங்கிப் போயிடலாம் குழாய்க்கு. எனக்குத் தூக்கற பயமே இல்ல."

அவர் வண்ணத்தாளைப் பிரிக்காமலே பலகையை இயந்திரத்தின் அடியில் வைத்தார். வாசற்படிக்குக் கீழே தண்ணீர் இரைச்சலுடன் மேட்டை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது.